வேண்டாம்னு சொல்றவன் கடை

மாப்ளே, நீ போன்ல அனுப்புன சேதியைப் பேரன் சத்தமா வாசிச்சுக் காட்டுனான். அடுத்த மாசம் பெங்களூர்ல இருந்து வந்து எங்ககூடத் தங்கறயாம். நாயும் வருதாம். "பக்கத்துல நல்ல கஃபே எது, நம்பிக்கையான வெட் கிளினிக் எது"ன்னு கேட்டிருக்கற. மாமனுக்கு உடம்பு எப்படி இருக்குதுன்னு மட்டும் கேக்கலை. பரவால்ல. வயித்துக்கும் நாய்க்கும் வழி பண்ணிட்டா மாமன் தானா நல்லா இருந்துக்குவான்னு நினைச்சிருப்ப.

பேரன் 'வெட் கிளினிக்'னு வாசிச்சதும் நான் பயந்தே போனேன். வெட்டறதுக்குக் கறிக்கடைக்குத்தானடா போவாங்க, கிளினிக் எதுக்குன்னு கேட்டேன். அப்பறந்தான் நீ மாட்டாஸ்பத்திரியைக் கேக்கறன்னு விளங்குச்சு.

வந்து எறங்கறதுக்கு முன்னால எங்க ஊரு பாஷையைச் சித்தே கத்துக்க. கொழிஞ்சாம்பாறையில போர்டு மலையாளத்துல இருக்கும், சண்டை தமிழ்ல நடக்கும். ஒரு காலத்துல பாலக்காடு மெட்ராஸ் மாகாணம். எங்க சித்தூர் தாலூக்கா கொச்சி ராஜாவோடது. அங்கிட்டு தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரு. 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லாத்தையும் ஒட்டுக்காக் கேரளாங்கற ஒரே சாக்குல கட்டுனாங்க. கொச்சி, திரு-கொச்சி, கேரளான்னு மூணு சர்க்காரை எங்கய்யன் ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டே பார்த்தவரு. சர்க்கார்தான் மாறுச்சு, கட்டிலு ஒரு விரக்கடை நகரலை.

சாயக்கடையில உக்காந்தீன்னா "கடி எந்தா வேண்டே?"ம்பாங்க. பதறாத. வடையா, பழம்பொரியான்னு அர்த்தம். நாயை மட்டும் வெளிய கட்டிப்போட்டுட்டுப் போ, அது வேற மாதிரி அர்த்தம் பண்ணிக்கும். சாய 'கடுப்பம்' வேணும்னு கேளு, நல்லாத் திக்கா வரும். கடுப்பா கேட்டா வெந்நிதான் வரும். மாட்டாஸ்பத்திரிக்கு இங்க பேரு மிருகாசுபத்திரி. போர்டைப் பார்த்துட்டு இது சிங்கம் புலிக்குன்னு நினைச்சு, ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டவாக்குல திரும்பி நடந்த ஒரு கோயமுத்தூர்க்காரனை நானே கூப்பிட்டு உள்ள அனுப்பியிருக்கறேன்.

சரி, முதல்ல உன்ர கஃபேக்கு வருவோம். நீ போனைத் தடவி, அஞ்சு நட்சத்திரம் வாங்குன கடை எதுன்னு பார்ப்ப. எங்க ஊருல நல்ல கடை தொறக்கற நேரத்துல நட்சத்திரம் வானத்துல இருக்கும். காலம்பற நாலரை மணிக்கு எந்திரிச்சு வந்து பாரு. பால் கேனைச் சைக்கிள்ல கட்டுனவன், தென்னையில ஏறி கள்ளு எறக்கறவன், பொள்ளாச்சிக்கு முதல் டிரிப்பு எடுக்கற பஸ் டிரைவரு, முதலமடையில மாங்கா லோடு ஏத்திட்டு வந்த லாரிக்காரன், இவங்க நாலு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தா அதுதான் கடை. லாரிக்காரனுக்கு ரோடு முழுக்கக் கடை இருக்குது. அத்தனையும் விட்டுட்டு இங்க பிரேக்கு போடறான்னா, அந்தப் பிரேக்குச் சத்தந்தான் நட்சத்திரம்.

நான் அம்பது வருசமாப் போற கடையில ஒரு சமோவர் இருக்குது. செம்பு, வயிறு பெருத்தது, என்னையாட்டம். அதுக்குள்ள அடியில ஒரு பழைய காசு கிடக்கும். தண்ணி கொதிச்சா அது கடகடன்னு ஆடும். சத்தம் நின்னா கரி போடணும், இல்லாட்டித் தண்ணி ஊத்தணும். மாஸ்டரு ஒரு கையில கம்பி வளையத்துல கட்டுன துணிப்பையைப் பிடிச்சு, அதுல தூளைப் போட்டு, வெந்நியை ஊத்தி, ஏத்தி எறக்குவாரு. மேல் கையில இருந்து கீழ்க் கைக்குச் சாய ஒரு முழம் நீளத்துக்கு வந்து விழும். அவரு நம்ம முகத்தைப் பார்த்துக் கதை பேசிட்டே இருப்பாரு, கிளாசைப் பாக்கறதே இல்லை. ஒரு சொட்டு வெளிய விழுந்து நான் பார்த்ததில்லை.

ஆனா அந்தக் கடையை நான் நம்பறதுக்கு இதெல்லாம் காரணம் இல்லை. ஒரு நாள் காலையில பால் சாய கேட்டேன். "இன்னிக்குப் பால் சரியில்லை, கட்டன் சாய குடிச்சுட்டுப் போங்க"ன்னாரு. வாய்க்கு வந்த வியாபாரத்தை வேண்டாம்னு தள்ளுனாரு பாரு, அன்னிக்கு முடிவு பண்ணினேன், இவன்தான் ஆளுன்னு. அந்தப் பால் நம்ம வீட்டுப் பால்ங்கறது வேற கதை. அன்னிக்கு மழை, மாப்ளே. கேன் மூடி வேற சரியா உக்காரலை.

நீ சிரிக்காத. பால் விசயத்துல இங்க ஏமாத்த முடியாது. ஓணம் வந்தாப் போதும், தமிழ்நாட்டுல இருந்து வர்ற பால் வண்டியை மீனாட்சிபுரத்துலயே நிறுத்தி, பால்வளத் துறைக்காரங்க குழாய் குழாயா எடுத்துப் பரிசோதிப்பாங்க. சொசைட்டியில கொழுப்பு எவ்வளவுன்னு மெசின் சொல்லும். எங்க மாஸ்டருக்கு மெசின் வேண்டாம், விரல் நகத்துல ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாரு. சொட்டு நின்னா பாலு, ஓடுனா நானு.

வேண்டாம்னு சொல்றானாங்கற இந்த ஒரே கணக்கை வெச்சுக்கிட்டு நீ எந்தக் கடையையும் எடை போடலாம். எலப்புள்ளிக்குப் பக்கத்துல ராமசேரின்னு ஒரு ஊரு. அந்த இட்லியைத் தூரத்துல இருந்து பார்த்தாத் தோசை, கிட்டப் போனாத்தான் இட்லி. மண் வளையத்துல நூலை வலையாட்டம் கட்டி, மேல துணி விரிச்சு, மாவு ஊத்தி, விறகு அடுப்புல வேக வைப்பாங்க. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த முதலியார் குடும்பங்க தலைமுறை தலைமுறையாப் பண்ற வேலை. இன்னிக்கும் கொஞ்சம் குடும்பந்தான் பண்ணுது. அங்க சரஸ்வதி டீ ஸ்டால்ல போய் உக்காரு. பொடியைத் தேங்கா எண்ணெயில குழைச்சுத் தருவாங்க. மாவு தீந்துட்டா தீந்துதுதான். "கொஞ்சம் ரவையைக் கலந்து இன்னும் நாலு ஈடு ஊத்தலாமே"ன்னு ஒரு தடவை ரோசனை சொன்னேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில ஒரு ஈடு இட்லி வெந்திருக்கும்.

பாலக்காட்டு டவுனுக்குப் போனீன்னா இந்தியன் காபி ஹவுஸ். காபி போர்டு வேலையை விட்டு அனுப்புன தொழிலாளிகளை ஏ.கே. கோபாலன் ஒண்ணு சேர்த்து ஆரம்பிச்ச சங்கம் அது. கேரளத்துல முதல் கடை 1958ல திருச்சூர்ல தொறந்தாங்க. பரிமாறறவரு விசிறி வெச்ச தலைப்பாகை கட்டி ராஜாவாட்டம் வருவாரு. கொண்டு வர்றது என்னமோ கட்லெட்டு. அதுக்குள்ள பீட்ரூட்டு இருக்கும், மசால் தோசைக்குள்ளயும் பீட்ரூட்டு இருக்கும். "பீட்ரூட்டு இல்லாம கிடைக்குமா"ன்னு கேட்டுப் பாரு. தலைப்பாகை மட்டும் இடதும் வலதுமா ஆடும்.

இன்னொரு வகைக் கடையும் இருக்குது. கறுப்புப் போர்டுல வெள்ளை எழுத்து. தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்குத் தடை, எங்க சித்தூர்ல இருந்துதான் கேரளத்துக்கே கள்ளு போகுதும்பாங்க. எல்லை தாண்டிச் சொந்தக்காரங்க எங்களைப் பாக்க வர்றதுல இருக்கற பாசம் உனக்கு இப்பப் புரிஞ்சிருக்கும். அங்க மீன்கறியும் கப்பையும் நல்லா இருக்கும்னு கேள்வி. எனக்குத் தெரியாது. உன்ர அத்தை பக்கத்துல உக்காந்து காதைக் குடுத்துட்டு இருக்கறா.

இப்ப சாயக் கிளாசைத் திருப்பிப் பாரு, மாப்ளே. பாலு எங்க சித்தூரு, தூளு மூணாறு. பாலக்காடும் இடுக்கியும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்காத ரெண்டு மாவட்டம், சாயக் கிளாசுலதான் கட்டிப்பிடிச்சுக்குது. மறையூர்ல மகளைக் கட்டிக் குடுத்திருக்கறேனே, இங்கிருந்து போகணும்னா பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு காடுன்னு தமிழ்நாட்டைத் தாண்டித்தான் மேல ஏறணும். கேரளத்துல இருந்து கேரளத்துக்குப் போறதுக்கு ரெண்டு செக்போஸ்ட்டு. போன உடனே மருமகன் மறையூர் வெல்லம் போட்டு ஒரு சாய தருவாரு. 2019ல புவிசார் குறியீடு வாங்குன வெல்லம். எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும் குடுப்பாரு, நல்ல மருமகன்.

அந்த மலையில தூளு சும்மா விளையலை. 2015ல மூணாத்துப் பொம்பளைங்க, நம்ம தமிழ் பேசற தோட்டக்காரிங்க, பத்து சதவீத போனஸ் வேண்டாம், இருபது குடுன்னு ரோட்டுல உக்காந்தாங்க. பெம்பிளை ஒருமைன்னு பேரு. கம்பெனிக்கும் வேண்டாம்னாங்க, சமாதானம் பேச வந்த யூனியன் தலைவருங்களுக்கும் வேண்டாம்னாங்க. அஞ்சு வருசம் கழிச்சு, 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, பெட்டிமுடியில தோட்டக்காரங்க குடியிருந்த லயத்து மேல மலை சரிஞ்சு எழுபது உசுரு போச்சு. அதுல ஒரு சின்னக் குழந்தையைத் தேடி எத்தனையோ பேர் அலைஞ்சு, ஒரு வாரத்துக்கு அப்பறம் ஆத்தோரம் இந்த இடந்தான்னு காட்டிக் குடுத்தது அந்த வீட்டு நாய், குவி. சாதி நாய் இல்லை, விலை குடுத்து வாங்குனதும் இல்லை. கட்டன் குடிக்கறப்ப எப்பவாச்சும் அது நினைப்பு வரும். கிளாசைக் கீழ வெச்சுட்டுச் சித்தே சும்மா உக்காந்திருப்பேன்.

போகட்டும். நாயின்னதும் உன்ர ரெண்டாவது கேள்விக்கு வந்துட்டோம்.

சாயக்கடையில சொன்ன அதே கணக்குத்தான். வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச டாக்டரைத் தேடு. எல்லாத்துக்கும் ஆமாங்கறவனுக்குப் பேரு தரகன். செவ்வாக்கிழமை பொள்ளாச்சி சந்தைக்கும், வியாழக்கிழமை வாணியங்குளத்துக்கும் போய்ப் பாரு, துண்டுக்கடியில விரலைப் பிடிச்சே விலை பேசுவாங்க. எனக்கும் ஒருத்தன் அப்படி ஒரு செவலை மாடு பிடிச்சுக் குடுத்தான். எந்தச் சந்தைன்னு கேக்காத. "பதினெட்டு லிட்டர் கறக்குமா?" ஆமாங்க. "சாதுவா?" ஆமாங்க. "மூணாவது ஈத்துதான?" ஆமாங்க. வீட்டுக்கு வந்து பல்லைப் பார்த்தா எனக்கு அக்கா மாதிரி இருக்குது. ஆனா பாலு விசயத்துல அவன் பொய் சொல்லலை, அதுலதான் வினையே வந்துது.

ஏன்னு கேளு. எங்க அய்யன் காலத்து மாடு ரெண்டு லிட்டர் கறக்கும், அதுவும் மனசு வெச்சா. 1963ல இடுக்கியில மாட்டுப்பெட்டியில சுவிட்சர்லாந்துக்காரங்க கூட்டுச் சேர்ந்து ஒரு பண்ணை போட்டாங்க. அவங்க ஊரு பிரவுன் சுவிஸ் காளையையும் நம்ம நாட்டு மாட்டையும் சேர்த்து உண்டாக்குன வம்சத்துக்குத்தான் சுனந்தினின்னு பேரு. காளை விந்தை மைனஸ் 196 டிகிரி குளிர்ல நைட்ரஜன் கேன்ல போட்டு ஊரூராக் கொண்டு போனாங்க. அதுதான் நம்ம செனை ஊசி. பாலு பெருகுச்சு. பாலு பெருகுனதும் புதுசா நோவும் சேர்ந்து வந்துது.

செவலை கன்னு போட்ட மறுநாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். கட்டுத்தாரையில படுத்த மாடு எந்திரிக்கலை. கழுத்தை வளைச்சு மூஞ்சியை விலாவுல சாய்ச்சுக்கிட்டுது. காதைத் தொட்டா ஐஸு. நான் பெரிய வைத்தியனில்லையா? சுக்கு, மிளகு, ஓமம் போட்டு ஒரு கஷாயம் காய்ச்சி, மூங்கில் குழாயில வாயில ஊத்தப் போனேன். பேரன் அதுக்குள்ள மிருகாசுபத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுட்டான். ஸ்கூட்டர்ல வந்து எறங்கறப்பவே டார்ச்சு வெளிச்சத்துல என்ர கையில குழாயைப் பார்த்தாங்க. "வேண்டா! வாயில் ஒண்ணும் ஊத்த வேண்டா!"ன்னு தெரு கேக்கறாப்புல ஒரு சத்தம். இந்த நோவுல மாட்டுக்கு விழுங்கற தெம்பே போயிருமாம். ஊத்துனது வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போய், நோவுல சாகாத மாடு என்ர கஷாயத்துல செத்துருக்கும்.

பால் சுரம்னு பேரு. பேருலதான் சுரம், உடம்பு என்னமோ ஜில்லுன்னு ஆயிரும். கன்னு போட்டு மூணு நாளைக்குள்ள, நல்லாக் கறக்கற மாட்டுக்குத்தான் வரும். உடம்புல இருக்கற கால்சியத்தை எல்லாம் மடி இழுத்துக்கும், ரத்தத்துல மிச்சம் இருக்காது. டாக்டரம்மா 450 மில்லி கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில வெச்சு, கழுத்து நரம்புல ஊசி ஏத்தி, சொட்டுச் சொட்டா விட்டாங்க. ஒரு கையில பாட்டிலு, இன்னொரு கையில ஸ்டெதஸ்கோப்பை மாட்டு நெஞ்சுல வெச்சு காதுல கேட்டுட்டே இருந்தாங்க. "சித்தே வெசையா விடுங்கம்மா"ன்னேன். "வெசையா விட்டா நெஞ்சு நின்னுரும், பெரியவரே"ன்னாங்க. வாயை மூடிக்கிட்டேன். கால் மணி நேரம் போச்சு. மாட்டுத் தோலு நடுங்குச்சு. ஒரு ஏப்பம் விட்டுது. சாணி போட்டுது. அப்பறம் முன்னங்காலை ஊனி, பின்பக்கத்தைத் தூக்கி, ஏதோ மறந்து போன சாமானை எடுக்கப் போறவளாட்டம் எந்திரிச்சு நின்னு கன்னைத் தேடுச்சு.

எனக்குச் சந்தோசம் தாங்கலை. இன்னொரு ஊசி போடுங்க, சத்து டானிக்கு எழுதுங்க, காசு எவ்வளவானாலும் பரவால்லன்னேன். "மதி, மதி. ஒண்ணும் வேண்டா. ரெண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்காதீங்க, கொஞ்சம் விட்டுக் கறங்க"ன்னாங்க. பாத்தியா? ஊசி வேண்டாம், டானிக்கு வேண்டாம், கஷாயம் வேண்டாம், முழுக்கறவை வேண்டாம். ஒரே ராத்திரியில நாலு வேண்டாம். வாங்குனது ஒரு கட்டன் மட்டுந்தான், அதுவும் உன்ர அத்தை வற்புறுத்துனதால.

இப்ப உனக்கு வேண்டியதைச் சொல்றேன், தாள்ல எழுதிக்க. எங்க கேரளத்துல பஞ்சாயத்துக்கு ஒண்ணு கணக்கா மிருகாசுபத்திரி இருக்குது. காலையில போ. ஆடும், கூடைக் கோழியும், கயிறு போட்ட கன்னும் நிக்கற வரிசையில உன்ர நாயையும் நிறுத்து. அதுக்கும் உலகம் தெரியட்டும். ராத்திரியில ஆபத்துன்னா 1962க்குக் கூப்பிடு, எந்தெந்த நேரத்துக்கு வண்டி வருதுன்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்க. பெரிய நோவுன்னா திருச்சூர் மண்ணுத்தி காலேஜுக்குப் போகச் சொல்லுவாங்க. "இது என்கிட்ட ஆகாது, அங்க போங்க"ன்னு சொல்ற டாக்டரு கிடைச்சா காலைத் தொட்டுக் கும்பிடு.

நாய்க்கு வெறிநாய் ஊசி வருசா வருசம் போட்டிருக்கணும், சீட்டைக் கொண்டு வா. அந்தச் சீட்டு இருந்தாத்தான் பஞ்சாயத்துல லைசென்சு. நம்ம தெருநாய் எதுவாச்சும் உன்னைக் கடிச்சா, மஞ்சள் பத்துப் போடலாம், மந்திரிக்கலாம்னு நானே சொன்னாலும் கேக்காத. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவிட்டு, நேரா மனுச ஆஸ்பத்திரிக்கு ஓடு.

சாயக்கடையில உக்காந்து பரோட்டாவைப் பிச்சு மாட்டுக்கும் நாய்க்கும் போட்டுப் படம் பிடிக்கற வேலையும் வேண்டாம். 2024 ஜூன்ல கொல்லம் ஜில்லாவுல ஒரு பண்ணையில பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மேல தின்ன அஞ்சு மாடு செத்துது. மந்திரியே நேர்ல வந்து பார்த்தாங்க. வயித்துக்குள்ள மாவு புளிச்சுப் புளிச்சு ஆசிட்டாயிருமாம். புல்லுக்குப் படைச்ச வயிறு அது. நாய்க்கு வெங்காயம், திராட்சை, சாக்லேட்டு மூணுமே விசம். நீ பாசம்னு நினைச்சுக் குடுக்கறது அதுக்குப் பாசக்கயிறு.

எல்லாம் சொல்லிட்டேன், ஒண்ணே ஒண்ணை விட்டுட்டு. அன்னிக்கு ராத்திரி டாக்டரம்மா கட்டன் குடிக்கறப்ப, பக்கத்துல நான் என்ர கிளாசுல மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டதைப் பார்த்துட்டாங்க. "பெரியவரே, சுகர் இருக்கா?"ன்னு கேட்டாங்க. "இருக்குதுங்கம்மா, டப்பா நிறைய இருக்குது, எத்தனை ஸ்பூன் வேணும்"னேன். உன்ர அத்தை உள்ள போய் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துட்டு வந்து நீட்டிட்டா. அவங்க ஒண்ணும் சொல்லலை. சீட்டை மடிச்சுக் குடுத்துட்டு ஸ்கூட்டரை எடுத்தாங்க.

மறுநாள் காலையில கடைக்குப் போறேன். மாஸ்டரு ஏத்தி எறக்கி, கிளாசை முன்னால வைக்கறாரு. ஒரு வாய் குடிச்சா வேப்பங்கொழுந்து. "சர்க்கரை?"ன்னேன். "வேண்டா"ன்னாரு. டாக்டரம்மா விடியக்காலையிலயே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். பெஞ்சுல இருந்த பால்காரன், பஸ் டிரைவரு, லாரிக்காரன் மூணு பேரும் ஒண்ணாச் சிரிக்கறாங்க. சமோவருக்குள்ள காசுகூடச் சிரிக்குது. இந்தச் சித்தூர் தாலூக்காவுல மாட்டு டாக்டர் சொல்லி சாயக்கடையில தீவனம் குறைச்ச ஒரே மிருகம் நாந்தான், மாப்ளே.

அதனால வர்றப்ப அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு வா. நாய்த்தீனி மூட்டைக்கு அடியில வெச்சுக் கொண்டா, உன்ர அத்தை அங்க தேட மாட்டா. வழியில நாய்க்கு மட்டும் குடுத்துராத. அதுக்கு இனிப்பு ஆகாது.